பட்டியலில் புகை இல்லை

பனிச்சரிவு வந்தால் என் அண்ணனின் பெயிண்ட் கம்பெனிக்கு ஓர் ஆபத்தும் கிடையாது. எரிமலை வெடித்தாலும் கிடையாது. அதற்கெல்லாம் நான் எழுத்தில் வழி செய்து வைத்திருந்தேன். சிங்கப்பூரில் பனிச்சரிவு எங்கே வரும் என்று கேட்காதீர்கள். அப்போது நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க நிற அட்டைகள். அண்ணன் வேலை நடக்கும் இடங்களைப் பார்த்துக்கொள்வார். கடிதம், கொட்டேஷன், காண்ட்ராக்ட் எல்லாம் என் பொறுப்பு. நான் சட்டம் படித்தவள் இல்லை. பழைய காண்ட்ராக்டைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றிப் புதிதாக்குவேன். பாதி ஊர் அப்படித்தான் செய்கிறது, என்னை மட்டும் குறை சொல்லக் கூடாது.

சாங்கியில் ஒரு பெரிய கிடங்கின் நான்கு வெளிச்சுவர்களுக்கும் வண்ணம் பூசும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அதுவரை நாங்கள் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான். காண்ட்ராக்டை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள் என்று கிடங்குக்காரர்கள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை எடுத்தேன். அதில் ஒரு ஷரத்து இருந்தது. இயற்கைப் பேரிடர் வந்து வேலை தடைப்பட்டால், முடிக்கும் தேதியைத் தள்ளிக்கொள்ளலாம். பிறகு பேரிடர்களின் பட்டியல்: பூகம்பம், சுனாமி, எரிமலை, சூறாவளி, வெள்ளம், பனிப்புயல், பனிச்சரிவு. கடைசியில் ஒரு வரி, ‘மற்றும் இவற்றைப் போன்ற, எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத பிற நிகழ்வுகள்’.

அந்தக் கடைசி வரியால் காண்ட்ராக்ட் மூன்றாம் பக்கத்துக்குப் போனது. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து போடும் கோடு மட்டும் அநாதையாக நின்றது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. வரியை அழித்தேன். எல்லாம் இரண்டே பக்கத்தில் கச்சிதமாக அடங்கியது. எனக்கு அவ்வளவு திருப்தி!

வேலை தொடங்கி மூன்றாவது வாரம் புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தால் இந்தப் பக்கம் நாம் இருமுவோம், சில வருடங்களுக்கு ஒருமுறை நடப்பதுதான். ஆனால் அந்த முறை புகை போவதாக இல்லை. எங்கள் ஆபீஸ் இருக்கும் தேக்கா வட்டாரம் முழுக்க ஈர விறகு எரியும் வாடை. எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை. முடிந்தவரை வெளிவேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று செய்தியில் சொன்னார்கள். நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சாங்கிக்குப் போனேன். எங்கள் ஆட்கள் எட்டுப் பேர், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் கொண்டோலாத் தொட்டில்களில் நின்று வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பெயிண்டர் புதுக்கோட்டைக்காரர், எங்களோடு பல வருடம் இருப்பவர். என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பேசுவதற்காக மாஸ்கை இறக்கினார், இருமல் வந்து பேச்சை மறித்தது.

“ஒண்ணுமில்லக்கா. தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான்.”

ஒண்ணுமில்லையாம்! நேரே கிடங்கு மேலாளரின் அறைக்குப் போனேன். அவரும் தமிழர்தான், மரியாதைக்காரர், எதையும் அளந்து பேசுவார். குளிரூட்டிய அறை, சாத்திய ஜன்னல்.

“சார், ஒரு பத்து நாள் தேதியைத் தள்ளிக் குடுங்க. புகை குறைஞ்சதும் ஆரம்பிச்சு முடிச்சுக் குடுத்துடறோம்.”

அவர் காண்ட்ராக்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். “இதுல புகைமூட்டம்னு ஒரு வார்த்தை காட்டுங்க மேடம்.”

“இதுவும் இயற்கைப் பேரிடர்தானே சார்?”

“காட்டுக்குத் தீ வச்சது மனுஷன். சரி, அதை விடுங்க. லிஸ்ட்ல பனிச்சரிவு இருக்கு, புகை இல்ல. எழுதினது நீங்கதானே?”

நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஒண்ணாந்தேதி புது டெனன்ட் சாமான் இறக்குறாங்க. நீங்க நிறுத்தினா நான் வேற கம்பெனியைக் கூப்பிடணும். மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க” என்றார். அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த வரியை அழித்த கை அவருடையது இல்லையே.

ஆபீசுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“அவர் கேக்கறது நியாயம்தானே லா? நல்ல மாஸ்க் வாங்கிக் குடு, நேரத்தைக் குறை, வேலை நடக்கட்டும். இந்த வேலை போச்சுன்னா நம்ம பேரு போச்சு. அப்புறம் எவன் நம்மளைக் கூப்பிடுவான்?”

அண்ணன் கல்மனசுக்காரர் இல்லை. இளமையில் அவரே தொட்டிலில் தொங்கி வண்ணம் அடித்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. “நீ போய் ஒரு மணி நேரம் மேல தொங்கு. இறங்கி வந்து முடியும்னு சொல்லு, நான் எல்லாரையும் ஏத்தறேன்” என்றேன். அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டுப் பேரையும் கீழேயே நிற்கச் சொன்னேன். புதுக்கோட்டைக்காரர் தயங்கினார்.

“அக்கா, நிறுத்திட்டா எங்களை ஊருக்கு அனுப்பிடுவீங்களா?”

“யாரையும் அனுப்ப மாட்டேன். ஃபேரர் பார்க்ல ரெண்டு கடைக்கு உள்சுவர் வேலை இருக்கு. அதைப் பாருங்க.”

ஒரு கடைதான் உண்மை. இரண்டாவது கடையை அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டினேன். அன்று மதியம் முழுக்க ஃபேரர் பார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கி, ‘சுவரெல்லாம் அழுக்கா இருக்கே, அடிச்சுடலாமா?’ என்று வெட்கமில்லாமல் கேட்டேன். ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் சரியென்று சொல்லும் வரை விடவில்லை.

பிறகு உட்கார்ந்து கிடங்குக்குக் கடிதம் எழுதினேன். சுற்றிவளைக்கவில்லை. ‘நம் காண்ட்ராக்டில் புகைமூட்டத்துக்கு இடமில்லை. அந்தத் தவறு என்னுடையது. இருந்தாலும் புகை குறையும் வரை எங்கள் ஆட்கள் மேலே ஏற மாட்டார்கள்.’ அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மேலாளர் போன் செய்தார்.

“மேடம், உங்க தப்பை நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இதை வச்சே காண்ட்ராக்டை முடிச்சுடலாம், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“வாபஸ் வாங்கிக்கறீங்களா?”

“மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கடைச் சுவருக்கு எவ்வளவு பெயிண்ட் வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் காண்ட்ராக்ட் முறிந்தது என்று கடிதம் வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

எங்கள் கயிறுகளையும் பெயிண்ட் டின்களையும் எடுத்துவரப் புதுக்கோட்டைக்காரரோடு மறுபடி சாங்கிக்குப் போனேன். கிடங்கின் வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கிழக்குச் சுவரில் வேறொரு கம்பெனியின் தொட்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே நின்றவர்களுக்குத் துண்டுதான் மாஸ்க். மேலே இருந்தவர்கள் புகைக்குள் தெரியவே இல்லை.

புதுக்கோட்டைக்காரர் ஒரு தொட்டிலைக் காட்டினார். “அக்கா, அதுல ஏறியிருக்கறவன் எங்க டார்மிட்டரிதான், என் ரூம்லதான் படுக்கை. புது வேலை கிடைச்சிருக்குன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னான். இதுதான்னு எனக்குத் தெரியாதுக்கா.”

என்ன சாதித்துவிட்டேன் நான்? அதே சுவர், அதே புகை. ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். மேலாளருக்கு போன் போட்டேன்.

“சார், கொஞ்சம் கீழ வாங்க.”

“சாமான் எடுத்தாச்சுன்னா கிளம்புங்க மேடம். நமக்குள்ள இப்ப காண்ட்ராக்டே இல்லியே.”

“இல்லதான். அதனால எனக்கு இழக்கவும் ஒண்ணுமில்ல. நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே நிப்பேன்.”

அரைமணி நேரம் நின்றேன். தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வழிந்தது. செக்யூரிட்டி இரண்டு முறை வந்து போகச் சொன்னார், நான் நகரவில்லை. கடைசியில் மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“என்ன மேடம் இது?”

“மேல எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிச் சொல்லுங்க சார், நான் போயிடறேன்.”

அவர் அண்ணாந்து பார்த்தார். நான்கு என்றார், பிறகு ஐந்து என்றார். மேலிருந்து ஓர் இருமல் கேட்டது. நிற்காமல், மூச்சு வாங்க வாங்க இருமினார் யாரோ. ஆளைக் காணோம், இருமல் மட்டும் கீழே வந்தது. மேலாளர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். பிறகு அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

“எல்லாரையும் இறக்குங்க. தேதியைப் பிறகு பாத்துக்கலாம். மேலிடத்துல நான் பேசிக்கறேன்.”

நான் கெஞ்சிக் கேட்ட அதே வார்த்தை! அதை அவர்களுக்குக் கொடுத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? மேலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்க காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு மேடம். ஸாரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தொட்டில்கள் இறங்கின. ஆறு பேர். டார்மிட்டரிக்காரர் இறங்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். புதுக்கோட்டைக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார் அவர்.

“அக்கா, இறக்கிட்டாங்களே. எங்களுக்கு வேலை போயிடுச்சா?”

“போகலப்பா” என்றேன். “தேதியைத் தள்ளிக் குடுத்திருக்காங்க. புகை போனதும் நீங்கதான் அடிக்கப் போறீங்க.”

இதை எங்கள் எட்டுப் பேரிடம் சொல்ல நான் எவ்வளவு ஆசைப்பட்டேன். யாரோ ஒருவரிடம்தான் சொல்லக் கிடைத்தது. அவர் சிரித்து, கையைக் கூப்பினார். நான் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.