மூளைக்கு வைத்த பொட்டு

ஆமத்தூர் செல்வலட்சுமிக்குக் கோபம் வந்தால் மனுசரிடம் பேசமாட்டாள், கம்ப்யூட்டரிடம்தான் பேசுவாள். "ஒனக்கு என்ன கொறை வச்சேன், சொல்லு" என்று அவள் மானிட்டரைக் கேட்கும்போது, கட்டிங் மிஷினில் நிற்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. சிவகாசியில் எங்கள் அச்சகத்துக் காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அவள் டிசைன்தான். பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேனில் போய்வந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் டிசைன் படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள். அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவளுடைய பழைய மிஷின் படுத்த ஆரம்பித்தது. காலண்டர் முருகன் கையில் வேல் வைக்கும் நேரமாகப் பார்த்துத் திரை நீலமாகிவிடும். செய்த வேலை அத்தனையும் போய்விடும். காலண்டர் சீசன் வேறு. முதலாளி ராக்கப்பன் அண்ணாச்சிக்கு அவள்மேல்தான் சந்தேகம்.

"நீ கண்டதையும் அமுக்குத. இன்னொரு தடவை நின்னுச்சுன்னா இதை எடைக்குப் போட்டுட்டு டிசைனை வெளிய குடுத்துருவேன். நீ பழையபடி வேன் ஏறு."

மத்தியானம் அவள் சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை. எனக்கு அண்ணாச்சிமேல் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் ஜெயசுந்தர் வந்தான். கைவேலை சுத்தம், வாய்தான் நீளம். உள்ளே இரண்டு மெமரி அட்டை. "ஒண்ணொண்ணா வச்சுப் பாப்போம்" என்று ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினான். முருகன் வந்தார், வேலும் வந்தது, திரை நீலமாகவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, முதலில் கழற்றியதை மாட்டினான். பீப் பீப் என்று கத்தியது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

அட்டையின் விளிம்பில் இருந்த தங்க நிறப் பற்களின்மேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

"யக்கா, உள்ளயுமா பொட்டு வச்சீக?"

"நான் மானிட்டருக்கு மட்டுந்தாம்லே வச்சேன்."

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏலே, நீதான போன மாசம் தூசி தட்டையில இதைக் காட்டி, இதுதான் மூளைன்ன? எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சுட்டு மூளையை விட்டா சாமி குத்தமாயிராதா? பதமாத்தான் கழட்டி மாட்டுனேன்."

ஜெயசுந்தர் பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பற்களைத் தேய்த்தான். சந்தனம் மணத்தது. இரண்டையும் மாட்டியதும் சத்தமில்லாமல் ஓடியது.

அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார், செல்வலட்சுமிக்கு மட்டும் வடையும் சேர்த்து. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர், வேறென்ன செய்வார்.

அவள் வடையைத் தொடவில்லை. முருகன் கையில் வேல் வைத்து முடித்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"அண்ணாச்சி, அடுத்த வருசமும் இந்த மிஷினுக்கு நான்தான் பொட்டு வைப்பேன். நீங்க கிட்ட வரப்படாது."

"சரி தாயி" என்றார் அண்ணாச்சி.

அப்புறம்தான் வடையை எடுத்தாள்.