தண்ணீர் குடிக்காத செவலை

எங்கள் புகாரைப் பார்க்க வந்த அந்த மின்வாரிய அதிகாரியை நினைத்தால் எனக்கு அவருடைய முகம் ஞாபகத்துக்கு வராது. தடித்த ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூதான் வரும். அதைப் போட்டுக்கொண்டே எங்கள் மாடு கட்டும் கட்டுத்தரைக்குள் நுழைந்தார். சாணம் பட்டுவிடுமோ என்று அடிக்கு அடி கீழே பார்த்தாரே தவிர, வயிறு ஒட்டி நின்ற செவலைப் பசுவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மேலே உயரழுத்த மின்கம்பி இழுத்த வருஷம் அது. கம்பியில் மின்சாரம் விட்ட சில நாளிலேயே செவலை தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் பின்வாங்கத் தொடங்கியது. இரும்புப் பீப்பாயை நெடுக்காக அறுத்து, கம்பிவேலியோடு சேர்த்துக் கட்டிய தொட்டி. நாக்கை நீட்டும், வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைய, பாலும் குறைந்தது. அதன் கிடாரிக்கன்று வளராமல் எலும்பும் தோலுமாக நின்றது. மின்காந்தப் புலம் கால்நடைகளின் உடம்பை என்ன செய்யும் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதைத் தீர்த்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. தொட்டியின் சங்கதி மட்டும் என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. கட்டுத்தரைக்குள் அவள் செருப்புக் காலோடு போகமாட்டாள்.

“தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க சார். செருப்பக் கழட்டிப்போட்டுத் தொட்டுப் பாருங்க” என்றாள் அதிகாரியிடம்.

அவர் ஷூவோடு நின்றபடி ஒரு விரலால் தொட்டார். “ஒண்ணுமே இல்லையேம்மா. கம்பி எவ்வளவு உயரத்துல போகுது. எல்லாம் மனசுல இருக்கற பயம்” என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் ரப்பர்ச் செருப்போடு தொட்டேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. “அவ அப்படித்தானுங்க சார், எதுக்கெடுத்தாலும் பயந்துக்குவா” என்று சொல்லித் தொலைத்தேன். குறையொன்றும் இல்லை என்று எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

கோளாறு பசுவுக்குத்தான் என்று முடிவுகட்டினேன். மனைவி பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்தாள். கெட்ட பழக்கம் பழக்காதே என்று அதையும் தடுத்தேன். கயிற்றைப் பிடித்துப் பசுவின் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினேன். திமிறியபோது அடித்தேன். கடைசியில் சந்தைக்கு ஓட்டிப்போய்க் கேரளத்து லாரியில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த கோடையில் மோட்டார் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீசியன், ஒரு கம்பியை மண்ணில் அடித்து வேலிக்கு எர்த் கொடுத்தார். அரை மணி நேர வேலை. மனைவி எனக்குத் தெரியாமல் வாளியில் ஊற்றி ஊற்றிப் பிழைக்க வைத்திருந்த கிடாரி, அன்று தொட்டியில் வாய் வைத்துத் தலையெடுக்காமல் குடித்தது. “மேல லைன் போனா கீழ வேலியில கரண்டு ஏறுமுங்க, எர்த் போடோணும். லைன்காரங்களுக்குத் தெரியாததா” என்றார் அவர். தெரிந்தேதான் அந்த ஷூ போட்ட அதிகாரி வாயை மூடிக்கொண்டார். எர்த் போடச் சொன்னால் கம்பியால் தொந்தரவு உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவரை மன்னிக்கும் பெருந்தன்மை இன்றுவரை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

போன மாதம் இன்னொரு லைனுக்கு அளக்க வந்தார்கள். அவர்கள் போன பிறகும் அந்தப் பழைய அதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பால் கறந்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“அவரு அசலூர்க்காரருங்க. நீங்க எனக்குப் பக்கத்துலதானுங்க நின்னீங்க.”