அவரைத் தூக்குவதற்காக

பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தபோது உடம்பை அழகாக்கிக்கொள்ளும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. என் கணவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கவாதத்தில் அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகும் போயிற்று. களமசேரியில் வேலை பார்க்கும் மகன் ஒருநாள் வந்து, "அம்மாவால இனி முடியாது. இடப்பள்ளிப் பக்கம் வயசானவாளுக்கு நல்ல ஹோம் இருக்கு, அப்பாவை அங்க கொண்டுபோய் ஆக்கலாம்" என்றான். படுத்திருந்தவர் காதில் அது விழுந்தது. அன்று அவர் சாயாவைத் தொடவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதுகைச் சரிப்படுத்திக்கொண்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியின் மாடியில்தான் வகுப்பு. மூச்சை இழுக்கச் சொன்னால் சுக்கு நெடிதான் உள்ளே போகும். எனக்குத் தும்மல் வந்துவிடும். சுற்றிலும் இறுக்கமான உடுப்பில் இளசுகள், நடுவில் தொளதொள சுடிதாரில் நான். பாரம் தூக்கும்போது பல்லைக் கடித்து மூச்சை அடக்குவது என் வழக்கம். சொல்லிக்கொடுத்த மலையாளப் பெண் ஓடி வருவாள். "ஸ்வாசம் பிடிக்கண்டா சேச்சி, விடு, விடு!" மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, வயிற்றை உள்ளிழுத்துத் தூக்க வேண்டுமாம். வீட்டில் அப்படிச் செய்யும்போது அவரும் என்னோடு சேர்ந்து வாயைக் குவித்து ஊதுவார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தூக்கியவரைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டுச் சிரித்த நாட்களும் உண்டு.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் அவர் சட்டென்று என் கைக்கு வந்துவிட்டார். முதுகில் வலியே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குழறும் நாக்கால், "நீ இப்போ பயில்வானாக்கும். நான் ஹோமுக்குப் போகண்டாமே?" என்றார்.

"உங்களை யார் அனுப்பறா? நான் இருக்கேன்னோ" என்றேன். மகனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். வகுப்பில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் அவருடைய சட்டையை விலக்கித் தோளெலும்பைத் தடவிப் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "மெலிஞ்ஞு போயல்லோ, சேச்சி கண்டில்லே?" என்றார். உள்ளே வேறொரு நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. தினமும் அணைத்துத் தூக்கிய எனக்கு அது தெரியவில்லை. என் பலம் என்று நான் கொண்டாடியது அவர் கரைந்ததை. ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆட்கள் பார்ப்பதைக்கூட நினைக்காமல் அழுதேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவரிடம் எதையும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் அவர் லேசாகிக்கொண்டே போனார். எனக்குப் பலம் கூடுகிறது என்று நாளுக்கு நாள் சந்தோஷப்பட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் கைகாட்டிப் பெருமை பேசினார். கடைசி வாரங்களில் அவரைத் தூக்க எனக்கு ஒரு கையே போதுமாக இருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்து, முக்கி முனகி, "அப்பப்பா, என்ன கனம் கனக்கறேள்!" என்று அலுத்துக்கொண்டே தூக்கினேன்.