சாக்போவின் பங்குப் பால்

அசிபாவைத் திருடி என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போஹிக்கோன் சந்தையில் செம்பனை எண்ணெய் விற்கிறவள் அவள். வயது இருபத்தாறு. வாயைத் திறந்தால் நாலு கடை தாண்டிக் கேட்கும் என்பார்கள். ஆஸ்பத்திரிக் கப்பல் நின்றிருந்த கோட்டோனூ துறைமுகத்துக்கு வந்த அன்று மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. மாரில் சாத்தியிருந்த நாலு மாதப் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியபடி வரிசையில் நின்றாள். துணியை விலக்கினேன். மேலுதடு மூக்குவரை இரண்டாகப் பிளந்திருந்தது. பெயர் ஸின்சு என்றாள். இரட்டையரில் மூத்தவனுக்குத்தான் எங்கள் ஃபோன் இனத்தார் அந்தப் பெயரை வைப்பார்கள்.

"சின்னவன் எங்கேடி?" என்றேன்.

"சாக்போ காட்டுக்கு விறகு பொறுக்கப் போயிருக்கான் அக்கா."

இரட்டையரில் ஒருவன் செத்துப்போனால் அப்படித்தான் சொல்வோம்.

கப்பலில் இருந்த டாக்டர், நர்ஸ், பாத்திரம் கழுவுகிறவர் எல்லாருமே ஆண்டவர் பேரைச் சொல்லிச் சொந்தச் செலவில் வந்தவர்கள். ஆபரேஷனுக்குக் காசு வாங்க மாட்டார்கள். எங்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை. எல்லாம் சரி, ஒரு சட்டத்தை மட்டும் அவர்கள் தளர்த்தவே மாட்டார்கள். நாலரை கிலோ இல்லாத குழந்தைக்கு மயக்க மருந்து கிடையாது. ஸின்சு மூன்றே முக்கால்தான் இருந்தான். பிளந்த வாயால் சப்ப முடியாது, குடித்த பால் மூக்கு வழியாக வந்துவிடும். நர்ஸ் இங்கிரிட் தனி பாட்டிலும் பால்மாவு டப்பாவும் கொடுத்தாள். தாயும் பிள்ளையும் கரையில் எங்கள் விடுதியில் தங்கினார்கள். வாராவாரம் எடை.

மற்ற பிள்ளைகள் மளமளவென்று ஏறின. ஸின்சு நாலு வாரம் கழித்தும் நாலு கிலோ ஐம்பது கிராம்தான். கடைசி ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு வாரம். அதன் பிறகு கப்பல் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

"பால்மாவை வெளியே விக்கிறாளா? கேட்டுச் சொல்லு" என்றாள் இங்கிரிட். எனக்கு மானம் போனது. வெள்ளைக்காரி முன்னால் எங்கள் ஊர்க்காரி இப்படியா!

நேரே விடுதிக்குப் போனேன். அசிபா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஸின்சு மடியில். எதிரே பாயில், நீலத்துணி சுற்றிய ஒரு சாண் மரப்பாச்சி. அதன் முன்னால் ஒரு கிண்ணத்தில் பாதிப் பால்.

"அடிப் பாவி! மரத்துக்கா பால் ஊத்துறே?"

"மெதுவா பேசுங்க அக்கா. அது சாக்போ. வெள்ளைக்காரங்க பார்த்தா பிடுங்கி எறிஞ்சிடுவாங்க."

ஒவ்வொரு வேளையும் சரிபாதி. சாக்போவின் பங்கைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மரத்தடியில் ஊற்றிவிடுவாளாம்.

"எல்லாத்தையும் இவனுக்கே குடுத்தா என்னடி?"

"தம்பி பங்கை அண்ணன் குடிச்சா அவன் கோவிச்சுக்குவான். கோவிச்சா இவனையும் கூப்பிட்டுக்குவான். எனக்கு இவன் ஒருத்தன்தானே அக்கா மிச்சம்?"

நான் மெதடிஸ்ட் உபதேசியார் மகள். "அதெல்லாம் பொய்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. என் அத்தைகளும் செத்த இரட்டைக்கு இப்படி மரப்பாச்சி செய்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு அலைந்தவர்கள்தான்.

"அப்போ அவன்கிட்டயே கேளு. ரெண்டு வாரத்துக்குத் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்குடுப்பானான்னு."

கோலாக்கொட்டை வாங்கி வந்தாள். செத்தவர்களிடம் குறி கேட்க அதை நாலு பிளவாக உடைத்துப் போட வேண்டும். இரண்டு மல்லாந்து இரண்டு கவிழ்ந்தால் சம்மதம். கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டாள்.

ஏசுவே, சரியாக விழட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் எதற்கு வேண்டுகிறோம் என்ற வெட்கம்கூட இல்லை.

மூன்று மல்லாந்தன. ஒன்று கவிழ்ந்தது.

அவள் கண் திறப்பதற்குள் என் விரல் ஒரு பிளவைப் புரட்டிவிட்டது.

"சம்மதிச்சுட்டான்டி" என்றேன். அவள் குனிந்து தரையில் நெற்றி வைத்தாள்.

அன்றிலிருந்து பால் முழுக்க ஸின்சுவுக்கு. பிள்ளை ஏறினான். ஆனால் அவன் ஒரு தும்மல் போட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏமாந்தது செத்த குழந்தை, ஏமாற்றியது நான். கடைசி எடை நாலு கிலோ ஐந்நூற்று இருபது. இங்கிரிட் கைதட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அசிபாவும் நானும் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் என்றார்கள். இரண்டு போய் இரண்டரையும் ஆனது. உள்ளேயிருந்து ஒருத்தி ஓடிவந்து எதையோ எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினாள். சாக்போ, கோபத்தை என்மேல் காட்டு, அவனை விட்டுவிடு ராசா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அசிபா, அன்னிக்குக் கோலா சரியா விழலடி. நான்தான் புரட்டினேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் அக்கா. இமை இடுக்குல பார்த்தேன்."

"பார்த்துட்டா சும்மா இருந்தே?"

"பெத்தவ ஒரு பிள்ளைக்காக இன்னொண்ணை ஏமாத்தலாமா? என் கை போகாது. வேற யாராச்சும் செய்யமாட்டாங்களான்னுதான் கண்ணை மூடினேன்." அவள் விரல்கள் இடுப்பில் செருகியிருந்த மரப்பாச்சியின் நீலத்துணியைப் பிசைந்துகொண்டே இருந்தன. "இப்போ பயமா இருக்கு அக்கா."

"எனக்கும்தான்டி" என்றேன்.

கதவு திறந்தது. இங்கிரிட் பிள்ளையோடு வந்தாள். உதட்டில் மெல்லிய தையல், கொஞ்சம் வீக்கம். பிளவு இல்லை. மூச்சு சீராக வந்தது. போன உயிர் திரும்பியது எனக்கு.

"வாங்கிக்கோடி" என்றேன்.

அசிபா கையை நீட்டவில்லை. ஓரடி பின்னால் போனாள். முகம் வெளிறிவிட்டது.

"என்ன ஆச்சு இவளுக்கு? பிடிக்கலையா?" என்று பதறினாள் இங்கிரிட்.

"அக்கா, இது ஸின்சு இல்ல. சாக்போ. அவனுக்கு உதடு முழுசா இருந்துச்சு. உசிரோட ஒம்பது நாள் பார்த்த முகம். எனக்குத் தெரியாதா?"

இதை எப்படி மாற்றிச் சொல்வேன்? இங்கிரிட் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டான்.

"யாரா இருந்தா என்னடி, பசிக்குது பாரு. வாங்கு" என்றேன். அசிபா ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.