இடது கை நூல்

அக்கறையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்த போபோடி என்ற அக்கா. பெரிய மூக்குத்தி. ஸ்வெட்டரில் ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் பின்னியதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். இருவரும் ஒரே கடைக்குத்தான் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தோம்.

"அரே, இடது கைல நூல் புடிச்சா பின்னல் தளந்துடும்மா. என்னைப் பாரு, வலது கைதான்" என்றார் ஒருநாள்.

நம்பி மாற்றினேன். என் வேகம் பாதியாகியது. குளிர்கால ஆர்டர் முழுவதும் அவருக்கே போயிற்று.

போன வாரம் வேறு பெட்டியில் ஏறினேன். மூலையில் அவர், இடது கை விரலில் நூல், ஊசிகள் பறந்தன.

"அக்கா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தவர், நூலை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.