மிச்சமான முப்பத்தொரு மாத்திரை

அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'எண்ணுற சிஸ்டர்' என்றுதான் பெயர். இனி குணமாகாது என்று ஆகிவிட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணிவிடுவாள். வாய் பொய் சொல்லும், டப்பா சொல்லாது என்பாள். பத்தொன்பது வருஷமாக மாடிப்படி ஏறி முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணின. வேலையை விட்டுவிடலாம் என்று வாரத்துக்கு ஒருமுறை நினைப்பாள். நினைப்போடு சரி.

அன்று நாலாவது வீடு, பஸ் டிரைவர் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வயிற்றில் வந்த புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் இனி வைத்தியம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை என்று பத்து நாளைக்கு அறுபது கொடுத்திருந்தாள். இன்றைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் மிஞ்சக் கூடாது. முப்பத்தொன்று இருந்தது.

டிரைவர் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். தலையணை ஓரம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. வலி எப்படி என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்று சுவரிடம் சொன்னார்.

சிஸ்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மனைவியை அடுப்படிக்குக் கூட்டிப்போய், "ஏன்க்கா, குடுக்க மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை. வேளைக்குப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறாள். இப்பவே எல்லாம் கொடுத்துவிட்டால் கடைசியில் வலி முற்றும்போது மாத்திரை கேட்காது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். அந்தப் புண்ணியவதியை சிஸ்டர் மனசுக்குள் நன்றாகத் திட்டினாள். வலி கூடினால் மருந்தையும் கூட்டலாம், இது சேர்த்துவைக்கிற சமாச்சாரமில்லை என்று நூறு வீட்டில் சொன்னதை நூற்றியோராவது தடவை சொன்னாள். அலுப்பில் குரல் கொஞ்சம் தடித்துவிட்டது.

மனைவி தலையை ஆட்டினாள். "அது மட்டும் இல்ல சிஸ்டர். டப்பாவுல மாத்திரை இருக்கிற வரைக்கும் அவருக்கும் நாள் இருக்குன்னு தோணுச்சு" என்றாள்.

தடித்த குரலை நினைத்து சிஸ்டருக்கு வெட்கமாக இருந்தது.

மணி பன்னிரண்டு. முழு மாத்திரையை மனைவி கையாலேயே கொடுக்கச் சொன்னாள். அடுத்த வீட்டுக்கு ஃபோன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரத்தில் டிரைவரின் தோள் தளர்ந்தது. மடக்கியிருந்த காலை நீட்டினார். பத்து நாளில் முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. அவர் கண் மூடித் தூங்கியதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை நாளும் இதைக் கேட்டிருப்பாரே சிஸ்டர். நான்தானே கேக்க விடாம பண்ணிட்டேன்."

அடுத்த மாத்திரை நாலு மணிக்கு என்று மட்டும் சிஸ்டர் சொன்னாள். மனைவி எழுந்துபோய் அலாரம் வைத்தாள்.