சம்ப்புக்குள் ஒத்திகை

காலை ஐந்து நாற்பது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்றின் நுனி. தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு நின்றது. பிறகு நகர்ந்தது. அதற்குக் கீழே என் மைத்துனன் இருந்தான்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சம்ப் அது. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. எட்டடி நீளம், ஆறடி அகலம், ஐந்தரை அடி ஆழம். ஆள் இறங்க இரண்டடிச் சதுரத்தில் ஒரு வாய், அதற்கு இரும்பு மூடி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காவிரித் தண்ணீர் அதில் விழும். மூன்று குடித்தனங்களும் மாடியில் இருந்த ஓனர் அம்மாவும் அதைத்தான் குடித்தோம்.

மைத்துனன் அதற்குள் இறங்கியதற்குக் காரணம் அவன் பெண் பார்க்கப் போன அன்று நடந்தது. தனியாகப் பேசச் சொன்னபோது அந்தப் பெண் சம்பளம் கேட்கவில்லை, சமையல் பற்றிப் பேசவில்லை. "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியும்" என்று சொல்லிவிட்டான். என் மாமனார் ஊர் பாலாற்றங்கரை. அந்த ஆற்றில் மணல் லாரி ஓடும், தண்ணீர் ஓடிப் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆகி ஹெப்பகோடியில் குடித்தனம் வைத்தார்கள். இருவருக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. குறைந்த கட்டண விமானங்கள் வந்த புதிது. தாய்லாந்தின் தெற்கே ஒரு தீவுக்கு நாலு ராத்திரி பேக்கேஜ் ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். நாலு பேராகப் போனால்தான் அந்த மலிவு விலை. ஆகவே தேனிலவுக்கு அவனுடைய அக்காவையும், அக்கா புருஷனான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பேக்கேஜின் மூன்றாம் நாள், பாறைக் குகைக்குள் ஸ்நார்க்கலிங். கண்ணாடி மாட்டி, குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி இருட்டுக்குள் மிதந்து போக வேண்டும். நோட்டீஸை நான் இரண்டு முறை படித்தேன். பத்திரிகையில் பிழை பார்ப்பவன் என்பதால் மூன்று எழுத்துப் பிழைகள் கண்ணில் பட்டன. மைத்துனன் கண்ணில் பட்டது வேறு.

"மாமா, இதுல நீந்தறதே கெடையாது. மெதக்கறதுதான். இருட்டு, தலைக்கு மேல கூரை, சுத்தி செவுரு. இது எங்கியோ பாத்த எடம் மாதிரி இல்ல?"

பெங்களூரில் கடல் கிடையாது. குகை மாதிரி இடம் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முன்னால் சம்ப்பைக் கழுவ வேண்டும், குடித்தனக்காரர்கள் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். அந்த வருடம் எங்கள் முறை. எப்படியும் இறைத்துக் கொட்டப்போகிற தண்ணீர்தான், அதற்கு முன் ஒரு மணி நேரம் பயன்படுத்திக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்றான் மைத்துனன். மனைவியிடம் "அக்கா வீட்ல சம்ப் கழுவணும்" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பைக்கில் வந்து சேர்ந்தான். பொய்யில்லை. நான் கயிற்றில் மெழுகுவத்தி கட்டி உள்ளே இறக்கி, சுடர் அணையாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். மோட்டாரின் ஃப்யூஸைப் பிடுங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் நாலடி இருந்தது.

முதல் பத்து நிமிடம் இருமினான். அப்புறம் தேறிவிட்டான். ஒரு கையால் சுவரைத் தடவியபடி நீளவாக்கில் போவான், மூலையில் திரும்புவான், வருவான். குழாய் வழியாக அவன் விட்ட மூச்சு தொட்டி முழுக்க எதிரொலித்து, எருமை செருமுவது போல வெளியே வந்தது.

ஆறு மணிக்கு ஓனர் அம்மா மோட்டார் ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். ஓடவில்லை. இறங்கி வந்தார்.

"ஏன்ரீ அது சத்த?" என்றார் கன்னடத்தில். தொடர்ந்து தமிழில், "சம்ப் உள்ளே யாரு?"

"மச்சான், ஆன்ட்டி. கழுவறதுக்கு வந்திருக்கான்."

"தண்ணி எறைக்காமலே கழுவறானா?"

அந்த நேரம் கண்ணாடியும் குழாயுமாக மைத்துனனின் தலை சம்ப்பின் வாய்க்கு நேராக எழுந்தது. ஓனர் அம்மா இரண்டடி பின்னால் போனார். அவன் வாயிலிருந்து குழாயை எடுக்காமலே வணக்கம் வைத்தான்.

ஓனர் அம்மா குனிந்து கண்ணாடியையும் குழாயையும் பார்த்தார். பிறகு என்னிடம், "பரவால்லியே. கண்ணுக்கு ஒண்ணு, மூச்சுக்கு ஒண்ணு, எல்லாம் போட்டுட்டு எறங்கியிருக்கான். போன தடவ கழுவினவங்க வெறும் லுங்கியோட எறங்கினாங்க" என்றார். மாடிக்குப் போய் பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நார் பிரஷும் கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீரை இறைத்த பிறகு, கண்ணாடியையும் குழாயையும் கழற்ற வழியில்லாமல், அவன் நாலு சுவரையும் தரையையும் ஒன்பது மணி வரை தேய்த்தான். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் அவன் சம்ப் கழுவ எவ்வளவு வாங்குகிறான் என்று என்னிடம் விசாரித்தார்கள்.

தீபாவளி கழிந்த வாரம் கிளம்பினோம். குகை வாசலில் படகு நின்றது. கடலுக்கும் பாறைக்கும் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு கறுப்பு ஓட்டை. படகுக்காரன் ஒவ்வொருவரையும் விரலால் சுட்டி, "ஸ்விம்? நோ ஸ்விம்?" என்று கேட்டான். நோ ஸ்விம் என்றவர்களுக்கு மிதவைச் சட்டை. நான் கையை உயர்த்தி வாங்கிக்கொண்டேன். மைத்துனன் "ஸ்விம்" என்றான். என் மனைவி நாலு பாஸ்போர்ட்டும் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வரல. ரெண்டு குடும்பத்துல ஒருத்தராவது ஊர் போய்ச் சேரணும்."

குகைக்குள் ஒரு கயிறு கட்டியிருந்தது. படகுக்காரனுக்கும் மற்றவர்களுக்கும் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனோம். எங்களில் முன்னால் மைத்துனனின் மனைவி, அடுத்து அவன், கடைசியில் நான். இருபது கெஜம் போனதும் வெளிச்சம் சுத்தமாக நின்றுவிட்டது. வரிசையும் நின்றது. திறந்தவெளிக் குளத்தில் நீந்தக் கற்றவள் அவள். இருட்டில் தலைக்கு மேல் பாறை இடித்ததும் நகர மறுத்துவிட்டாள்.

"செவுத்த லேசா தொட்டுக்க. மூச்ச மெதுவா விடு. எதிரொலிக்கும், பயப்படாத, அது நம்ம சத்தந்தான்" என்று மைத்துனனின் குரல் கேட்டது. இருபது வருடம் குகையில் குடியிருந்தவன் போலப் பேசினான். அவளை முன்னே விட்டு, திருப்பத்தில் தோளைத் தட்டி வழி சொல்லி, கடைசி வரை கூட்டிப்போனான்.

குகை முடிந்த இடத்தில் சுற்றிலும் பாறை, மேலே வானம், நடுவே பச்சைத் தண்ணீர். அடி தெரிந்தது, ஆனால் மூன்று ஆள் ஆழத்தில் தெரிந்தது. கயிறு அங்கே ஒரு பாறையில் முடிந்தது. எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு எதிரே இருந்த மணலுக்கு நீந்தினார்கள். அவனுக்கு இங்கே தொட்டுக்கொள்ளச் சுவர் இல்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். நான் மிதவைச் சட்டையோடு பக்கத்தில் மிதந்தேன்.

பாதித் தூரம் போனவள் திரும்பி வந்தாள். "வாங்க."

"நீ போ."

"கயித்த விடுங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "பொண்ணு பாக்க வந்தப்ப கேட்டேனே."

"கேட்ட."

"தெரியும்னீங்க."

"ஆமா."

"அதுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. மூணு பேருமே எதுக்குக் கேக்கறேன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணும் கேக்காம பதில் சொன்னீங்க. அதுக்குத்தான் சரின்னேன்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன். இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகி மிதந்தேன்.

படகுக்காரன் மணலிலிருந்து, "ப்ராப்ளம்?" என்று கத்தினான்.

"நோ ப்ராப்ளம்," என்று அவளும் கத்தினாள். "ஹஸ்பண்ட்."

பிறகு அவன் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "கால நீட்டுங்க. முட்டிய மடக்காதீங்க. அடிங்க" என்றாள். அடித்தான். தண்ணீர் முழுக்க என் முகத்தில் விழுந்தது.

அங்கே எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் இருபது நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில் அவன் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தான்.